மூவாயிரம் உலர்தாவரத் தாள்கள்: படம் எடுப்பது முதலிலா, லேபிளைப் பதிவது முதலிலா?

கேள்வி: வத்தல்மலை

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் பணிபுரிகிறேன். எங்கள் ஆய்வகத்தை ஒட்டிய சிறிய அறையில், இரும்பு அலமாரிகளில், ஏறத்தாழ 3000 உலர்தாவரத் தாள்கள், அதாவது செடியை அழுத்தி உலர்த்தி, பெயரும் இடமும் தேதியும் எழுதிய லேபிளோடு ஒட்டிய தாள்கள், இருக்கின்றன. 1970-களிலிருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் சித்தேரி, வத்தல்மலை, தீர்த்தமலை, ஒகேனக்கல், அஞ்செட்டி, தளி என்று நடந்து சேகரித்தவை அவை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கொடையாக அளித்த ஒரு கட்டு அதற்கும் முந்தையது.

இவற்றை மின்னுருவாக்கம் செய்து, இம்மாவட்டங்களின் செடிகொடிகளைப் பற்றி அறிய விரும்பும் எவரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அரூரில் இருக்கும் ஒரு மாணவி சித்தேரியில் எந்தெந்த மரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று அறிய இன்று கோயம்புத்தூருக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ பயணம் போக வேண்டியிருக்கிறது. அவள் ஊர் மலையின் செடிகள் அவள் ஊருக்கு அருகிலேயே பூட்டிய அலமாரியில் கிடக்கின்றன என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முயற்சி நடந்தது. தாள்களைச் சாதாரண மேசை ஸ்கேனரின் கண்ணாடியின்மேல் குப்புற வைத்து, மூடியை அழுத்தி எடுத்தார்கள். அறுபது தாள்களுக்குப் பிறகு அந்தக் கண்ணாடியின்மேல் இதழ்களும் மகரந்தப்பைகளும் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்து நான்தான் நிறுத்தச் சொன்னேன். எந்தத் துணுக்கு எந்தத் தாளுக்கு உரியது என்று இன்றுவரை தெரியவில்லை. அவற்றை ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது துறையில் 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று இருக்கிறது; ஆர்வமுள்ள நான்கு மாணவர்கள் இருக்கிறார்கள்; வேறு நிதி எதுவும் இல்லை. முதலில் எல்லாத் தாள்களையும் படம் எடுத்துவிடுவதா, அல்லது லேபிள்களை எக்செலில் ஏற்றிவிட்டுப் பிறகு படத்துக்கு வருவதா? இந்தக் கேமரா போதுமா? மாகாளிக் கிழங்கு, சந்தனம் போன்றவற்றின் இருப்பிடத்தை அப்படியே வெளியிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழந்தாள்

ஐயா, வணக்கம். நான் பல ஆண்டுகள் ஒரு பெரிய ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) தாள் ஒட்டும் பணியிலும் பிறகு படமெடுக்கும் பணியிலும் இருந்தவன். நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு ஹெர்பேரியங்களில் பூச்சி அரிக்காமல் இருப்பதற்காகச் செடிகளை மெர்குரிக் குளோரைடு கலந்த ஆல்கஹாலில் நனைத்து உலர்த்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. உங்கள் பழைய தாள்களும் அப்படிச் செய்யப்பட்டவையாக இருக்க வாய்ப்பு மிகுதி. அந்தப் பாதரச உப்பு தாளைவிட்டு எளிதில் போவதில்லை. மெல்ல ஆவியாகி மூடிய அலமாரிக்குள் தங்கவும் செய்யும். செடியைச் சுற்றித் தாளிலும், அதன்மேல் வைத்திருந்த உறையிலும், சாம்பல் கலந்த கறுப்பு நிழல் படிந்திருந்தால் உறுதியாகவே எச்சரிக்கை கொள்ளுங்கள். அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு, சன்னல்களையும் திறந்து, அரைமணி நேரம் கழித்தே மாணவர்களை உள்ளே அனுப்புங்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம். அந்த மேசையில் தேநீரோ தின்பண்டமோ வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டுமே தவிர, துடைப்பத்தால் தூசி எழுப்பக் கூடாது. பிள்ளைகள் ஆர்வத்தில் கையுறையைக் கழற்றிவிடுவார்கள். அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் எண், அடுத்து படம், அதன் பிறகே லேபிள் பதிவு. ஒவ்வொரு தாளுக்கும் திரும்ப வராத ஓர் எண்ணைப் பார்கோடாக அச்சிட்டு, அமிலமற்ற காகிதத்தில் வெட்டி, செடியையோ பழைய லேபிளையோ மறைக்காத இடத்தில் ஒட்டுங்கள். எண்ணுக்கு முன்னால் போடும் சுருக்கெழுத்து, நியூயார்க் தாவரவியல் பூங்கா பராமரிக்கும் இண்டெக்ஸ் ஹெர்பேரியோரம் பட்டியலில் வேறொரு நிறுவனத்துக்கு உரியதாக இருந்துவிடக் கூடாது. கோயம்புத்தூரில் உள்ள மதராஸ் ஹெர்பேரியத்துக்கு எம்ஹெச் என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி அதில் உண்டு. படக் கோப்பின் பெயரும் அந்த எண்ணாகவே இருக்கட்டும். செடியின் பெயரைக் கோப்புக்கு வைத்தால், பெயர் மாறும்போது எல்லாம் குழம்பும். நாம் கருவேலத்தை அகேசியா என்று படித்தோம். இன்று அது வாச்செல்லியா. வெக்காலி மரத்தின் அனோஜீசஸ் இப்போது டெர்மினேலியாவுக்குள் போய்விட்டது. எண் மாறாது.

படத்திலிருந்து லேபிளைப் படித்துத் தட்டச்சு செய்தால், தாள் ஒருமுறை மட்டுமே அலமாரியைவிட்டு வெளியே வரும். லேபிளை முதலில் ஏற்றுவதென்றால் அதே தாளை இருமுறை தொட வேண்டும். உலர்ந்த பூவுக்கு ஒவ்வொரு தொடுதலும் ஓர் இழப்பு என்பதை அந்த அறுபது தாள்கள் உங்களுக்கே காட்டிவிட்டன. ஸ்கேனரில்தான் எடுக்க வேண்டும் என்றால் அதைத் தலைகீழாக ஒரு சட்டத்தில் பொருத்தி, தாள் மல்லாந்தபடியே இருக்க, கீழிருந்து பலகையால் மெல்ல உயர்த்த வேண்டும். பெரிய நிறுவனங்கள் மூலமாதிரிகளை (ஓர் இனத்துக்குப் பெயரிட ஆதாரமான தாள்களை) அப்படித்தான் 600 டிபிஐ அளவில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகளாக, எடுத்தன.

உங்கள் கேமரா போதும். நம் தாளின் அளவு 42 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம். கேமராவின் 6000-க்கு 4000 புள்ளிகள் அதே விகிதத்தில் அமைவதால், தாள் சட்டத்தை நிறைத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 360 புள்ளிகள் கிடைக்கும். வண்ண அட்டைக்கும் அளவுகோலுக்கும் இடம் விட்டால் 330 வரை குறையும். இலையின் ஓரப் பற்களும், காம்பின் மயிர்களும், லேபிளின் எழுத்தும் இதில் தெளிவாகவே தெரியும். 600 டிபிஐ என்றால் ஒரு தாளுக்கு ஆறரைக் கோடி புள்ளிகள், சுருக்கப்படாத டிஃப் கோப்பு 200 எம்பி, 3000 தாளுக்கு 600 ஜிபி. நிதி இல்லாத துறை அந்தச் சுமையை ஏற்க வேண்டியதில்லை. பூவின் உட்பகுதி போன்ற நுண்மைகளுக்குத் தனியே ஒரு நெருக்கப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

கேமராவைக் கீழ்நோக்கிச் செங்குத்தாகப் பொருத்தும் தாங்கியை உள்ளூர்த் தச்சரே செய்து தருவார். இருபுறமும் 45 பாகைச் சாய்வில் ஒரே வகை எல்இடி விளக்குகள், 50 அல்லது 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ், கையால் தொடாமல் கணினியிலிருந்து அழுத்தும் ஷட்டர். சன்னல் வெளிச்சம் மேசையில் விழாதபடி திரை போடுங்கள். காலையில் எடுத்த படமும் மாலையில் எடுத்த படமும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் அல்லவா? தாளின் பின்பக்கத்தில் ஏதேனும் எழுதியிருந்தால், செடி நகராதபடி மேலே ஓர் அட்டை கொடுத்துத் திருப்பி, அதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அரூர் ஆசிரியை

பழந்தாள் ஐயா சொன்னவற்றோடு ஒன்றே ஒன்று. படமெடுக்க வெளியே எடுக்கும் கட்டுகளை அந்த வாய்ப்பிலேயே உறையவைத்துவிடுங்கள். புகையிலை வண்டு என்கிற சிறு பழுப்பு வண்டுதான் நம் பகுதியில் பெரிய எதிரி. சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளின் தலைப்பூக்களை உள்ளேயிருந்தே தின்று பொடியாக்கிவிடும். கட்டை பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 பாகையில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே உறையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை, குறைந்தது ஒரு நாள், மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் தாளில் படிந்து பூஞ்சை பிடிக்கும். உணவு வைக்கும் ஃப்ரீசரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், பாதரசம் இருக்கிறது.

வத்தல்மலை

இருவருக்கும் மிக்க நன்றி. பாதரசம் குறித்து நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. நாளையே கையுறைக்கு எழுதிப் போடுகிறேன். லேபிள் பதிவில் எனக்குள்ள தயக்கம் ஊர்ப்பெயர்களைப் பற்றியது. ஒரே இடம் பல எழுத்துக்கூட்டல்களில் இருக்கிறது. மாவட்டப் பெயரும் மாறிமாறி வருகிறது. எல்லாவற்றையும் இன்றைய பெயருக்குத் திருத்தி ஏற்றிவிடலாமா?

ஓசூரான்

திருத்த வேண்டாம், ஐயா. இதில் நான் சற்று அழுத்தமாகவே சொல்வேன். சேகரித்தவர் எழுதியதை எழுத்துக்கு எழுத்து, பிழையோடு சேர்த்து, எக்செலின் ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) ஏற்றுங்கள். உங்கள் விளக்கத்தை அடுத்த பத்தியில் தனியாக எழுதுங்கள். உலகெங்கும் ஹெர்பேரியங்கள் பயன்படுத்தும் டார்வின் கோர் என்ற தரவு வடிவமும் லேபிளில் உள்ளபடியான இடத்துக்கும் பகுத்தறிந்த இடத்துக்கும் வெவ்வேறு புலங்களைத் தந்திருக்கிறது. நீங்கள் இன்று செய்யும் விளக்கம் தவறாக இருந்தால், பின்னால் வருபவர் மூலத்தைப் பார்த்துத் திருத்த முடியும். மூலத்தின்மேலேயே எழுதிவிட்டால் அவருக்கு வழியே இல்லை.

நம் பகுதிக்கு இது மற்ற இடங்களைவிட முக்கியம். 1965 அக்டோபர் 2-க்கு முன் தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே சேலம் மாவட்டம். அதன் பிறகு 2004 பிப்ரவரி 9 வரை தருமபுரி மாவட்டம். அன்றுதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஆகவே தேன்கனிக்கோட்டைக் காட்டில் ஒரே பாறைக்கு அருகில் 1960-இலும் 1985-இலும் 2010-இலும் எடுத்த மூன்று தாள்களில் மூன்று மாவட்டப் பெயர்கள் இருக்கும், மூன்றும் சரியானவை. "சேலம் மாவட்டம்" என்று இருக்கும் பழைய லேபிளைப் பார்த்துவிட்டு, மாணவர் ஏற்காட்டை நினைத்துக்கொண்டு ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கொண்டுபோய்க் குத்திவிட்டால், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மேலகிரி மலையின் செடி வரைபடத்தில் நூறு கிலோமீட்டர் நடந்துபோய்விடும். நான் பார்த்த ஒரு தரவில் அப்படித்தான் நடந்திருந்தது. எனவே தேதியைப் பார்த்த பிறகே மாவட்டத்தைப் படிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தேதியிலும் எக்செல் உங்களைக் கைவிடும். "7-11" என்ற சேகரிப்பு எண்ணை அது தானாகவே நவம்பர் மாதத் தேதியாக்கிவிடும். சில இரண்டு இலக்க ஆண்டுகளை 2000-களில் சேர்த்துவிடும். எனவே எதையும் ஏற்றும் முன்பே எல்லாப் பத்திகளையும் உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தேதியையும் லேபிளில் உள்ளபடி ஒன்று, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் ஒன்று என இரு பத்திகளாக வையுங்கள். உயரமும் அப்படியே: பழைய லேபிளில் 2500 அடி என்றிருந்தால் அதை அப்படியே எழுதி, பக்கத்தில் 762 மீட்டர் என்று எழுதுங்கள்.

ஆயத்தொலைவு குறிக்கும்போது புள்ளி மட்டும் போதாது. அந்தப் புள்ளி எவ்வளவு தொலைவுவரை தவறாக இருக்கக்கூடும் என்ற அளவையும் மீட்டரில் எழுத வேண்டும். "ஒகேனக்கல், அருவிக்கு எதிர்க்கரை" என்றால் சில நூறு மீட்டர். "தளி" என்று மட்டும் இருந்தால் பல ஆயிரம் மீட்டர். வெறும் "மேலகிரி" என்று இருந்தால் நான் புள்ளியே வைக்க மாட்டேன். புள்ளி இல்லாத பதிவு நேர்மையானது. தவறான புள்ளி வைத்த பதிவை நம்பி யாரோ ஒருவர் காட்டில் அலைவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்குகின்றன. ஆவாரையைத் தெலுங்கர் தங்கேடு என்பார்கள். நீங்கள் மாகாளி என்பதைக் கன்னடக்காரர் மாகளி பேரு என்பார்கள், பேரு என்றால் அங்கே வேர். சேகரித்தவர் வழியில் கண்ட ஆடு மேய்ப்பவரிடம் கேட்டு, காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அந்தப் பெயர்களைத் தூய தமிழ்ப் பெயராக மாற்றிவிடாதீர்கள். எந்த மொழி என்று தெரிந்தால் குறியுங்கள். தெரியாவிட்டால் வெறுமனே ஏற்றுங்கள்.

மாணவர்கள் சாலையோரத்தில் பறித்து வந்த தாள்களை "தரமற்றவை" என்று ஒதுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிட வேண்டுகிறேன். பார்த்தீனியம் இந்தியாவில் பரவத் தொடங்கியது 1950-களில், புனேயில் இருந்து. அது நம் மாவட்டச் சாலைகளுக்கு எப்போது வந்தது என்பதற்குத் தேதியிட்ட ஒரு மாணவர் தாளைவிட நல்ல சான்று வேறெங்கும் கிடைக்காது.

கடுக்காய்மரம்

பகிர்வது பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் காட்டுப் பகுதி மக்களோடு பணிபுரிபவள்.

மாகாளிக் கிழங்கைத் தோண்டும்போது செடியே போய்விடுகிறது. ஊறுகாய்க்காக வரும் வியாபாரிகளால் பாறைச் சரிவுகள் வெறுமையாவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சந்தனத்துக்கு நேர்ந்தது அனைவருக்கும் தெரியும். இத்தகைய இனங்களுக்கு ஆயத்தொலைவை 0.1 பாகை அளவுக்கு மழுக்கி வெளியிடுவது பல நாடுகளில் உள்ள நடைமுறை; ஏறத்தாழ 11 கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ இருக்கிறது என்று மட்டும் தெரியும். ஆய்வுக்கு அது பெரும்பாலும் போதும். மழுக்கியிருக்கிறோம் என்பதையும் பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். சரியான இடம் தேவைப்படும் ஆய்வாளர் துறைக்கு எழுதிக் கேட்கட்டும். ஆனால் ஆயத்தொலைவை மழுக்கிவிட்டு, இடத்தின் பெயர் தெளிவாகத் தெரியும் லேபிளோடு படத்தை ஏற்றிவிட்டால் என்ன பயன்? அத்தாள்களுக்கு மட்டும் லேபிளின் இட வரியை மறைத்த இரண்டாவது படம் ஒன்றை உருவாக்கி அதை வெளியிடுங்கள். மூலப்படம் துறையிலேயே இருக்கட்டும். 3000 தாளில் இப்படிப்பட்டவை நூறுகூடத் தேறாது என்றே நினைக்கிறேன். எல்லாவற்றையும் மறைப்பதும் தவறு. ஆவாரைக்கும் எருக்குக்கும் இருப்பிடத்தை ஒளித்து வைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, லேபிளில் இருக்கும் மருத்துவக் குறிப்புகள். "சித்தேரி மலையாளி மக்கள் இதன் வேரை இன்ன நோய்க்கு இன்ன அளவில் கொடுக்கிறார்கள்" என்று எழுதியிருந்தால் (மலையாளி என்பது இங்கே கேரளத்தவர் அல்லர், மலைவாழ் பழங்குடியினர்), அந்த அறிவு கல்லூரியின் சொத்து அன்று. வெளியிடுவதே பாதுகாப்பு என்று வாதிடுபவர்கள் உண்டு. மஞ்சளுக்கு 1995-இல் அமெரிக்காவில் வழங்கிய காப்புரிமை 1997-இல் ரத்தானது பழைய நூல் சான்றுகளால்தான் என்பதும் உண்மை. ஆனால் அது நூலில் ஏறி நாடறிந்த அறிவு. ஒரு மலைக் கிராமத்துப் பாட்டி நம்பிக்கையோடு ஒருவருக்குச் சொன்னது அப்படியன்று. 2002-ஆம் ஆண்டின் உயிரிப் பல்வகைமைச் சட்டப்படி உள்ளாட்சிகளில் பல்வகைமை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்த ஊராட்சியின் குழுவிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டி, கேட்டு, அவர்கள் சரி என்றால் வெளியிடுங்கள். அதுவரை பயன்பாட்டுப் பத்தியை மட்டும் நிறுத்தி வைக்கலாம்.

எங்கே வைப்பது என்றால், முதல் கட்டமாக ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் காப்பகத் தளத்தில் ஒரு பதிவாக ஏற்றலாம். கட்டணம் இல்லை, 50 ஜிபி வரை ஏற்கும், மேற்கோள் காட்ட நிலையான எண்ணும் தரும். ஜேபெக் படம் ஒன்று 10 எம்பி என்று கொண்டால் உங்கள் 3000-மும் 30 ஜிபிக்குள் அடங்கும். உலகளாவிய உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தளத்தில் சேர்க்க நிறுவனம் பதிப்பாளராகப் பதிந்து ஒப்புதல் பெற வேண்டும் என்பதால் அதற்குக் காலம் பிடிக்கும். தரவு டார்வின் கோர் வடிவில் இருந்தால் அப்போது மறுவேலை இருக்காது. பெயர் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்னும் சிசி பை உரிமத்தை முதல்வரின் கையெழுத்தோடு இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பொறுப்பில் இருப்பவர் மாறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

வத்தல்மலை

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாங்கி தயாராகிவிட்டது, 140 தாள்கள் முடிந்திருக்கின்றன. கொடையாக வந்த கட்டில் ஒரு தாள்: இராயக்கோட்டை, சேலம் மாவட்டம், 1963, 2600 அடி. லேபிளில் பெயர் கேசியா ஆரிக்குலேட்டா (இன்று சென்னா ஆரிக்குலேட்டா), அதாவது ஆவாரை. பழந்தாள் ஐயா சொன்னபடி திருப்பிப் பார்த்தபோது பின்பக்கத்தின் கீழ்மூலையில் மங்கிய பென்சிலில் தெலுங்கு எழுத்துகள் இருந்தன. படத்தை இணைத்திருக்கிறேன். ஓசூரான் ஐயா படித்துச் சொல்ல முடியுமா?

ஓசூரான்

"நேல தங்கேடு" என்று இருக்கிறது, ஐயா. நேல என்றால் நிலம். தரையோடு படர்ந்து வளரும் நிலாவாரை வகைக்குத்தான் அப்படிச் சொல்வார்கள். புதராக எழும் ஆவாரைக்கு வெறும் தங்கேடு. பெயரிட்டவர் தவறியிருக்கலாம். இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். ஆவாரைக்கு அங்கே காதுமடல் போன்ற அகன்ற இலையடிச் செதில் உதிராமல் நிற்கும். ஆரிக்குலேட்டா என்ற பெயரே அதனால் வந்தது.

வத்தல்மலை

லென்ஸ் வைத்துப் பார்த்தோம். காதுமடல் இல்லை, சிறிய, கூர்மையான முக்கோணச் செதில்தான் இருக்கிறது. மாணவிகளில் ஒருத்திதான் முதலில் கண்டாள். பழைய லேபிளைத் தொடவில்லை. அதற்கு மேலே, இன்றைய தேதியும் எங்கள் துறையின் பெயரும் இட்டு, "சென்னா, ஆனால் ஆரிக்குலேட்டா இல்லை, இனம் உறுதி செய்யப்பட வேண்டும்" என்று ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறோம். உள்ளூர்ப் பெயர்ப் பத்தியில் நேல தங்கேடு, மொழி தெலுங்கு, தாளின் பின்பக்கம் என்று ஏறியிருக்கிறது. மாவட்டம் லேபிளில் சேலம், இன்று கிருஷ்ணகிரி. உயரம் 2600 அடி, 792 மீட்டர்.